துரியோதனன் தொடையில் களி

ஊர் நடுவுல நாள் கணக்கா மண்ணு பிசைஞ்சு துரியோதனனைப் படுக்க வைப்போம்; ஒரே சாயங்காலத்துல அவனை ஊரே மிதிச்சு உடைக்கணும், அப்பத்தான் எங்க தொழில்ல நல்ல வேலைக்காரன்னு பேரு. கூலிக்குக் கலை செய்யற பாவிங்களே, உங்களுக்குத்தான் இந்த வயித்தெரிச்சல் புரியும்.

காலு எந்தப் பக்கம்?

நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவுல ஒரு ஊரு. மெட்ராஸ்லேர்ந்து ஆந்திரா தனியாப் பிரிஞ்சிடுச்சு. எல்லைக் கோடு எங்க விழும்னு யாருக்கும் தெரியாத வருஷம். திரௌபதியம்மன் கோயில் பாரதம் முடிஞ்சு படுகளத்துக்கு, அதான் துரியோதனன் சாகற கூத்துக்கு, மண் உருவம் செய்ய என்னைக் கூப்பிட்டாங்க. அந்த ஒரு சீசன் வேலைதான் எங்க வீட்டுக்கு வருஷச் சோறு. ஒரு ஊர்ல சொதப்பினா அடுத்த ஊர்ல வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட மாட்டாங்க.

தெற்கால காலு வர மாதிரி சுண்ணாம்புக் கோடு போட்டேன். "மெட்ராஸ் பக்கம் காலை நீட்டறியா?"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிச்சு. வடக்கால திருப்பினா, "திருப்பதி பெருமாளையா உதைக்கச் சொல்றே?"ன்னு இன்னொரு கூட்டம். மேற்கால சித்தூர், கலெக்டர் ஆபீசு! பொழுது உச்சிக்கு வந்துடுச்சு, மண்ணு காயுது, எனக்கு அழுகையே வந்துடுச்சு. கோயில் தர்மகர்த்தா பொண்டாட்டி லச்சம்மா தண்ணிக் குடத்தை இறக்கி வச்சுட்டு ஒரு சத்தம் போட்டாங்க: "சாகக் கிடக்கறவன் எந்தப் பக்கம் காலை நீட்டினா என்னாய்யா, அவன் என்னா ஓட்டா போடப்போறான்?"

மீசை

மத்தியானச் சோறு லச்சம்மா வீட்டுலேர்ந்துதான். கேழ்வரகுக் களி, புளிச்சக்கீரைக் கடையல். மண்ணு பிசைஞ்ச கைக்குக் களி கிடைச்சா சும்மா இருக்குமா? சூட்டோட உருண்டையைப் புடிச்சேன். பேசிக்கினே இருந்தேனா, கை பாட்டுக்கு மூக்கைக் கிள்ளி, கன்னத்தை அமுக்கி, கடையலைத் தொட்டுப் புருவம் தீட்டிடுச்சு. துரியோதனன் தட்டுல உக்காந்து என்னையே முறைக்கிறான்! லச்சம்மா பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கினாங்க: "மீசையெல்லாம் அப்பால வச்சுக்கலாம், தம்பி, ஆறிப்போவுது, துன்னு!"

மூணாவது அடி

துரியோதனன் தொடைக்குள்ள குங்குமம் கரைச்ச பானையைப் புதைச்சு வைப்போம். பீமன் கதையால அடிச்சா ரத்தம் பீச்சணும், அதைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிவா. ரத்தம் வரலைன்னா ஊருக்கு ஆகாது, எனக்கு அடியோட ஆகாது. படுகளத்தன்னிக்குப் பாத்தா பானையில விரிசல், செவப்புத் தண்ணி கசியுது! மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துடுச்சு. வேற பானைக்கு எங்க போறது? அப்பதான் வந்து இறங்கின சுடு களியை அப்படியே வழிச்சு பானையைச் சுத்தி அப்பினேன், மேல மண்ணைப் பூசினேன். பசியைப் பத்தி யாரு நினைச்சா?

பீமன் ஓங்கிப் போட்டான். கதை தொம்முனு விழுந்து துள்ளிச்சு. ரத்தம் இல்லை. மறுபடியும் போட்டான், ஊஹும். திரௌபதி வேஷக்காரர் தலையை விரிச்சுப் போட்டுக்கினு நிக்கறாரு, தர்மகர்த்தா திரும்பி என்னைப் பாக்கறாரு. தாயே, இந்த ஒரு தடவை காப்பாத்துன்னு கண்ணை மூடிக்கினேன். 'டப்'புனு ஒரு சத்தம், அடுத்தது பொம்பளைங்க குலவை. கண்ணைத் தொறந்தா பீமன் மூஞ்செல்லாம் செவப்பு! அப்பாடா! அங்கேயே தரையில உக்காந்துட்டேன். ஜனங்க மண்ணைப் பிரசாதமா அள்ள முண்டியடிக்க, பீமன் மூச்சு வாங்கிக்கினு எங்கிட்ட குனிஞ்சான்: "யோவ், தொடைக்குள்ள என்னாத்தய்யா வச்ச, அடிக்க அடிக்க அல்வா மாதிரி கதையைத் தள்ளுது?"

எல்லைக் கோடு போட்டு எங்க பக்கத்தை ஆந்திராவுலயே வச்சாங்க, ஆனா அதுக்குள்ள கோட்டுக்கு ரெண்டு பக்கத்து ஊருங்களும் எனக்கு வெத்தலை பாக்கு வச்சுட்டதால, எந்த சர்க்காருன்னு கவலைப்பட எனக்கு நேரமே கிடைக்கலை.