தலைதொடுவார்க்கு உரிய மாத்திரை

கண் ஒருமுறை இமைக்கும் பொழுதையும் விரல் ஒருமுறை நொடிக்கும் பொழுதையும் இலக்கணம் உடையார் ஒரு மாத்திரை என்று அளந்து வைத்தனர். பஞ்சக்கா இலக்கணம் கற்றவள் அல்லள். ஆயினும் ஒரு மாத்திரைப் பொழுதுக்குள் ஒரு முழுப் பொய்யை, கேட்டவர் குறுக்குக் கேள்வி போட வழியின்றிக் கட்டி நிறுத்துவதில் அவளுக்கு நிகர் அவளே. அந்தக் கலை பிற்பாடு அவளையே ஒரு வீட்டு வாயிலில் நிறுத்தி விழிபிதுங்க வைத்தது.

பஞ்சக்கா ஒரு திருநங்கை. நாற்பதைக் கடந்தவள். எந்தக் கதவுநிலைக்கும் தலைதாழ்த்தி நுழைய வேண்டிய உயரம். அதைப் பணிவு என்று எண்ணி ஏமாந்தவர் பலர். நான்காம் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பத் தந்தையார் உறுதி பூண்டபோது, பிள்ளை மாற்றுடையோடு வீட்டைவிட்டு வெளியேறியது. தையல் ஆலையொன்றில் நூற்பிசிறு நறுக்கினாள். அங்கிருந்து துரத்தப்பட்டபின் பேருந்து நிலையத்தின் விளக்கெரியாத பக்கத்தில் நின்று வயிறு வளர்த்தாள். நாள்பட்ட காய்ச்சலொன்றின் முடிவில் குருதியில் எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்ன ஆலோசகரோடு அரைநாள் சண்டை பிடித்தாள். பிறகு மாத்திரை தொடங்கினாள். உடம்பு தேறியது, வாய் அதனினும் தேறியது. அந்த வாயை வெளியில் விடுவதைவிடச் சம்பளம் கொடுத்து உள்ளே வைத்துக்கொள்வது நலம் என்று கருதியோ என்னவோ, சிகிச்சை மையத்தார் அவளையே களப்பணியாளராக்கிக் கொண்டனர்.

பெயர் வந்த வழியும் சொல்லத் தகும். அந்த மாத்திரைகள் வரும் பிளாஸ்டிக் குப்பி, பைக்குள் போட்டு நடந்தால் கிலுகிலுப்பை போல் ஒலிக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் அலமாரி திறந்தால் மாமியார் காது நிமிரும். ஆதலால் யாருக்குக் குப்பி கொடுத்தாலும், மூடியைத் திருகி, உள்ளே ஒரு பிடி பஞ்சு அடைத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, "ஊமையாயிடுச்சு, கொண்டு போ" என்று கொடுப்பாள். அன்றுமுதல் அவள் பஞ்சக்கா.

பெருந்தொற்று வந்தது. ஊர் அடங்கியது. மையம் இருந்த மருத்துவமனையின் பெரும்பகுதியை மூச்சுத்திணறல்காரர்கள் நிறைத்தனர். பேருந்து இல்லை, மாத்திரை வாங்க வெளியே வந்தவரைச் சாலைக் காவலர், "என்ன நோய்?" என்று நடுத்தெருவில் உரக்க விசாரித்தனர். பாலியல் தொழில் செய்யும் பெண்கள், ஊசிப் பழக்கம் உள்ளவர்கள், ஆணை விரும்பும் ஆண்கள் என்று, சும்மா இருந்த காலத்திலேயே சந்தடியில் மறைந்து வந்து போனவர்களுக்கு மறைய இப்போது சந்தடியே இல்லாமற்போயிற்று. எனவே மையம் மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கவும், வீடுதேடிக் கொண்டுபோகவும் முடிவு செய்தது. மருத்துவர் அம்மையார் பஞ்சக்காவின் கையில் ஓர் அடையாள அட்டையையும், நெற்றியில் நீட்டிச் சூடு பார்க்கும் துப்பாக்கியொன்றையும் கொடுத்தார்.

அந்தத் துப்பாக்கி செய்த மாயம் கொஞ்சமன்று. நேற்றுவரை அவளைக் கண்டு கதவைச் சாத்திய வீடுகள் இன்று கதவைத் திறந்து, குடும்பத்தோடு வரிசையில் நின்று, அவள்முன் நெற்றியை நீட்டின.

"அடேயப்பா, எத்தனை தலை என் முன்னாடி குனியுது," என்று அவள் மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னாள். "இந்தத் துப்பாக்கிய நான் திருப்பித் தர மாட்டேன் டாக்டரம்மா, இப்பவே சொல்லிட்டேன்."

இனி, மையத்தில் மாத்திரை வாங்கிவந்த முடிதிருத்தும் தம்பி ஒருவனின் வீடு. முப்பதைத் தொட்டவன், அண்ணன் வீட்டில் இருந்தான். அவன் மனம் ஆண்களையே நாடிற்று. அண்ணனோ ஓயாமல் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மாத்திரை உண்ணும் செய்தி வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குப்பியைக் கடையில் நிலைக்கண்ணாடிக்குப் பின்னே வைத்திருந்தான். இப்போது கடைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். செய்தி கசிந்தால் வீடும் போகும், தொழிலும் போகும். அதன்பின் எவரும் அவன் கத்திக்குக் கழுத்தை நீட்டார். மாத்திரை நின்றாலோ உடம்பு போகும். ஒன்றைக் காத்தால் மற்றொன்று கைநழுவும்.

அண்ணன் பேருந்து நடத்துநர். பேருந்து ஓடாமையால் நாள்முழுதும் வாசற்படியில் அமர்ந்து, வருவோர் போவோரை எல்லாம் எங்கே ஏறினீர், எங்கே இறங்குவீர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு பள்ளி விடுதியின் சமையற்கூடத்துப் பொருட்காப்பாளர். விடுதி மூடியபின் அந்த ஆட்சியை வீட்டிலேயே நடத்தினார்.

பஞ்சக்கா துப்பாக்கியோடு சென்றாள். மூவர் நெற்றியிலும் சூடு பார்த்தாள். ஒரே மாதிரியான மூன்று வெள்ளைக் குப்பிகளை எடுத்து வைத்தாள். இரண்டில் மஞ்சள் நிறச் சத்து மாத்திரை. மூன்றாவதில் தம்பியின் பெரிய வெள்ளை மாத்திரை. அடையாளத்துக்கு அடியில் ஒரு பொட்டு நகப்பூச்சு.

"எல்லாம் சத்து மாத்திரைதான். தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஒண்ணு."

பொய் மிக அழகாக இருந்தது. அளவுக்கு மீறி அழகாக இருந்ததே பிழை.

மூன்றாம் நாள் காலை தம்பியின் அழைப்பு வந்தது. பின்னணியில் ஒரே இரைச்சல்.

"என்னடா, அருவிப் பக்கம் போயிருக்கியா? தண்ணி கொட்டுற சத்தம் கேக்குது."

"பாத்ரூம்லக்கா. குழாயத் திறந்துவிட்டுட்டுப் பேசுறேன். அண்ணி மூணு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிட்டாங்க."

"எதுல?"

"பிஸ்கெட் டின்னுல. நீங்கதானே எல்லாம் சத்து மாத்திரைன்னு சொன்னீங்க. ஒரே சாமானுக்கு மூணு டப்பா எதுக்குன்னு, பஞ்சத் தூக்கிப் போட்டுட்டு ஒண்ணாக் கலந்துட்டாங்க."

"நீ பெருசாப் பார்த்து எடுத்துக்க வேண்டியதுதானே."

"எடுக்க எங்க விடுறாங்க? டின்னு அலமாரிக்குள்ள, சாவி அவங்க இடுப்புல. ஸ்பூனால அள்ளி ஆளுக்கொண்ணு கையில வைக்கிறாங்க. ரெண்டு நாளா எனக்கு மஞ்சள்தான் வருது."

"வெள்ளை?"

"அண்ணனுக்கு."

உடனே மருத்துவரை அழைத்தாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு வைதார். "அவருக்கு ரெண்டு மாத்திரையில ஒண்ணும் ஆயிடாது, கொஞ்சம் தலை சுத்தும், கண்டபடி கனவு வரும். ஆனா இன்னையோட நிக்கணும். தம்பிக்கு இனிமே ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. நீ பண்ணின கூத்து, நீயே போய்ச் சரி பண்ணு."

சென்றாள். வாசற்படியில் நடத்துநர் முகம் மலர எழுந்தார்.

"வாங்க, வாங்க. உங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பெரிய வெள்ளை மாத்திரை இருக்கு பாருங்க, அது மாத்திரை."

"என்ன பண்ணுச்சு?"

"கனவு. என் பஸ்ஸு கடலுக்கு மேல போகுது. ஃபுல் லோடு. ஏறுன அத்தனை பேரும் சரியாச் சில்லறை கொடுக்கிறாங்க. என் சர்வீஸ்ல நான் பார்க்காத காட்சி. காலையில எந்திரிச்சா லேசாத் தலை சுத்துது, டிரைவர் ஓவரா வளைச்சு ஓட்டுன மாதிரி. பரவாயில்ல. இனிமே எனக்கு அதையே கொடுத்திருங்க, மஞ்சள இவங்க ரெண்டு பேரும் சாப்பிடட்டும்."

உள்ளே அண்ணி பிஸ்கெட் டின்னை இடுப்பில் இடுக்கியபடி நின்றார். அவருக்குப் பின்னால் தம்பி, அண்ணனுக்கு முடிவெட்டி முடித்த கையோடு, கத்தரிக்கோலும் சீப்புமாக நின்றான்.

பஞ்சக்காவின் கண் அந்தச் சீப்பின்மேல் விழுந்தது. இமைத்தது. ஒரு மாத்திரை.

"அது தப்பா வந்துடுச்சுங்கண்ணே. அதச் சொல்லத்தான் வந்தேன். வெள்ளை மாத்திரை எல்லாருக்கும் கிடையாது. தலையத் தொடுற தொழில்காரங்களுக்கு மட்டும்தான்."

"தலையத் தொடுற தொழிலா?"

"முடி வெட்டுறவங்க. நாளைக்குக் கடை திறந்தா ஊர் மூச்செல்லாம் இவன் மூஞ்சியிலதானே படும். அதனால முன்னாடியே கொடுத்து உடம்பத் தயார் பண்ணி வைக்கிறது."

நடத்துநர் எளிதில் இறங்குகிற பயணி அல்லர். "நானும்தான் ஆளுங்களத் தொடுறேன். டிக்கெட் கிழிச்சுக் கொடுக்கிறப்ப கை படுது. கூட்டம்னா முழு உடம்பும் படுது."

"கை படுறது வேற, காதுகிட்ட நின்னு கழுத்தச் சொரண்டுறது வேற. நீங்க காசு வாங்கிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிருவீங்க. இவன் ஒரே தலைக்கு அரை மணி நேரம் நிக்கிறான்."

"அப்ப கண்டக்டருக்கு எது?"

"மஞ்சள்."

"மஞ்சள்ல கனவே வரலையே."

"கனவுக்கு மாத்திரை கொடுக்கிற ஆஸ்பத்திரி வேற. நான் அங்க வேலை பார்க்கல."

அண்ணி ஓர் அகலத் தட்டைக் கொண்டுவந்து டின்னைக் கவிழ்த்தார். மூட்டை மூட்டையாகத் தானியத்தில் கல் பொறுக்கிப் பழகிய விரல்கள். வெள்ளை ஒருபுறமும் மஞ்சள் ஒருபுறமும் பிரிந்து குவிந்தன. வெள்ளையை எல்லாம் ஒரு குப்பியில் அடைத்துக் கொழுந்தன் கையில் கொடுத்தார்.

"இதுக்கு என்ன பேரு?" என்று பஞ்சக்காவைக் கேட்டார்.

"ரொம்ப நீளமான பேரு அண்ணி. என் வாயில நுழையாது."

"உங்க வாயிலயா," என்றார் அண்ணி. மஞ்சளை டின்னில் திரும்ப அள்ளிப் போட்டபடி, "எத்தனை நாளைக்குப் போடணும்?"

"நாங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும். ஒரு நாள் கூட விடக் கூடாது."

தம்பி கையில் குப்பியோடு நின்றான். அதைச் சட்டைப்பையில் போட்டபோது, பஞ்சு இல்லாமையால் கிலுகிலுவென்று ஒலித்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் பஞ்சக்கா நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் நடத்துநர் வேலையின்றிச் சும்மா இருக்கும் மனிதர். கையில் தொலைபேசி வேறு. தன் தம்பிக்கு மட்டும் தனி மாத்திரை என்ற பெருமையை ஊரிலுள்ள முடிதிருத்துநர் அனைவருக்கும் வஞ்சமின்றிப் பகிர்ந்தார். மறுநாள் மையத்தின் வாசலில், தரையில் வரைந்த வட்டத்துக்கு ஒருவராக, ஒரு நீண்ட வரிசை நின்றது.

மருத்துவர் சன்னல் வழியே பார்த்தார். "யாரு இவங்க எல்லாம்?"

"தலையத் தொடுற தொழில்காரங்க," என்றாள் பஞ்சக்கா, தரையைப் பார்த்தபடி.

"நீயே போய்ப் பேசு. எங்கிட்ட வராதே."

பஞ்சக்கா வெளியே வந்தாள். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆனால் முதற்பொய்யின் குட்டிகளே வாசல் நிறைய நிற்பதைக் கண்டு அதை விழுங்கிவிட்டு, உண்மையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

"இந்த இடத்துல எச்.ஐ.வி. டெஸ்ட் பண்றோம். இங்க எந்த மாத்திரை வேணும்னாலும் முதல்ல ரத்தம் எடுத்துப் பார்க்கணும். யாரு முதல்ல வர்றீங்க?"

வட்டங்கள் காலியாயின. அடுப்பை மறந்துவிட்டவர், தாயாருக்கு உடம்பு முடியாதவர், வழி தவறி வந்தவர் எனக் காரணங்கள் தெருமுனைவரை கேட்டன. இருவர் மட்டும் நகரவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றனர். அவர்களை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தி, எது பொய் எது மெய் என்பதையெல்லாம் அமர்ந்து விளக்கினாள். "எச்.ஐ.வி. டெஸ்ட்டுன்னு தெரிஞ்சுதான் நின்னேன்," என்றார் அவர்களில் மூத்தவர், சட்டைக் கையை மடித்தபடி.

தம்பி வீட்டு நிலவரத்தை அவனே அவ்வப்போது சொன்னான். இத்தனை ஆண்டும் கண்ணாடிக்குப் பின்னே எச்சிலோடு விழுங்கிய மாத்திரையை இப்போது நடுவீட்டில், அண்ணி எடுத்துக் கொடுக்கும் தண்ணீரோடு விழுங்கினான். மறந்தாற்போல் எழுந்தால் அண்ணன், "டேய், உன் ஸ்பெஷல் மாத்திரை" என்று பொறாமையோடு நினைவூட்டினார். "இவ்வளவு நாள்ல இப்பத்தான்க்கா ஒரு வேளை கூடத் தவறல," என்றான். "சொல்லிடலாமான்னு தோணுது. அப்புறம் பயமாவும் இருக்கு."

"சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். எங்கிட்டக் கேக்காத. நான் வாயத் திறந்தா என்ன ஆகுதுன்னு பார்த்தேல்ல."

ஊரடங்கு தளர்ந்தது. கடைகள் திறந்தன, பேருந்துகள் ஓடின. அவன் குப்பி தீரும் வாரத்தில், அவன் அழைப்பான் என்று பஞ்சக்கா காத்திருந்தாள். அழைத்தது அண்ணி.

"பெரிய மாத்திரை தீரப் போகுது. எப்ப வருவீங்க?"

"தம்பி கடைக்குப் போக ஆரம்பிச்சுட்டானா அண்ணி?"

"போயிட்டான். கடைதான் திறந்தாச்சே, உடம்புதான் தயாராயிடுச்சே, இனிமே எதுக்கு அந்த மாத்திரைன்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு."

பஞ்சக்கா இமைத்தாள். இன்னொரு முறை இமைத்தாள். வாய்க்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

அண்ணியே தொடர்ந்தார். "நான் சொல்லிட்டேன். கொரோனா போனாலும் தலையில பேன் இருக்கு, பொடுகு இருக்கு, தொழில் இருக்கிற வரைக்கும் மாத்திரை போட்டுத்தான் ஆகணும்னு. சரிதானே?"

"சரிதான் அண்ணி."

"வர்றப்ப மஞ்சளும் கொண்டு வாங்க. அவருக்கும் ஒரு டப்பா இருந்தாத்தான் இவன் டப்பா மேல கண்ணு போகாது. ரெண்டையும் நான் தனித்தனியாவே வச்சிருக்கேன்."

"அண்ணி, நீங்க…"

"தண்ணி கொதிக்குது, வைக்கிறேன்," என்றார் அண்ணி. அடுப்படியின் ஓசை எதுவும் கேட்கவில்லை. பொய்யில் தன்னினும் கைதேர்ந்தவர் ஒருவர் இருப்பதை எண்ணிக்கொண்டே பஞ்சக்கா மருந்தறைச் சாளரத்துக்குப் போனாள்.