கூட்டு மைக் செட்

என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தது ஒரு காதுகுத்து வீட்டில். குழாய் ஒலிபெருக்கியை உச்சியில் கட்டிவிட்டு இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. பாண்டிச்சேரி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தோம். உட்காரலாம், கையால் வேலை செய்யலாம், இனி நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மைக் செட் கட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. ரிஷிவந்தியம் பக்கத்தில் குத்தகைக்கு உழுத நிலம் சாப்பாட்டுக்கே பற்றாது.

ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டேப், ஒரு மைக், இரண்டு குழாய். இவ்வளவுதான் எங்களுடையது. பேட்டரி எங்கள் கூட்டாளியுடையது. திருக்கோவிலூரில் ஒரு லாரி ஷெட்டில் கழித்துப் போட்டதை வாங்கி, தண்ணீர் மாற்றி, சார்ஜ் ஏற்றி, பச்சைப்பிள்ளையைப் போல வைத்திருந்தார். கரண்ட் இல்லாத ஊர்களுக்கும் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களுக்கும் அந்தப் பேட்டரி இல்லாமல் போக முடியாது. அதனால் வருவதில் சரிபாதி அவருக்கு. ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் அவர் வீடு. என் கணவரைவிட மூத்தவர். ஆனாலும் என் கணவர் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் எப்படியும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய தேவையும் வந்ததில்லை.

விபத்துக்குப் பிறகு ஒருநாள் அவர் எங்கள் வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

"யம்மா, செட்டை வித்துடாதீங்க. மரம் நான் ஏறிக்கிறேன். மைக்காண்ட நீங்க வந்து குந்துங்க."

வீட்டுக்குள் இருந்த என் கொழுந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவர் அவர். "இன்னா அண்ணி இது? காலனி ஆளோட ஊர் ஊராப் போய்க்கினு இருப்பீங்களா? ஊரே சிரிக்கும்."

என் கணவர் படுத்தபடியே சொன்னார்: "சிரிக்கிறவன் வந்து சோறு போடுவானா? போய்க்கினு வரட்டும்."

அப்படித்தான் நான் மைக் செட்டுக்காரி ஆனேன்.

எங்களிடம் கேசட்டுகள் கம்மி. இருந்ததிலும் பாதி, டேப் சிக்கி அறுந்து, நெயில் பாலிஷ் வைத்து ஒட்டியவை. கள்ளக்குறிச்சிக் கடைக்காரர்கள் பெரிய பெட்டி நிறையக் கேசட்டும் கலர் பல்பு வரிசையும் ஜெனரேட்டருமாக வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு முன்னால் நாங்கள் எம்மாத்திரம்? நான் போன இரண்டாவது கல்யாணத்திலேயே பாட்டு பாதியில் இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. சுற்றி எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை எடுத்து, "பந்தி போட்டாச்சுங்க, வெளியூர் ஜனங்க மொதல்ல சாப்பிட வாங்க" என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு பெண்ணின் தாய்மாமன் சீர்வரிசையோடு தெருமுனையில் வருவது தெரிந்தது. அதையும் சொன்னேன். எத்தனை தட்டு, எந்த ஊர்ச் சீர், முன்னால் வருகிறவர் பெண்ணுக்கு என்ன உறவு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தத் தாய்மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்குத்தான் புரிந்தது. பாட்டை எந்த செட்டிலும் கேட்கலாம். தன் வருகையை ஊர் கேட்க ஒருவர் சொல்வது வேறு. அதன்பிறகு நான் விடியற்காலையிலேயே விசேஷ வீட்டுக்குப் போய், சமையலுக்குக் காய் நறுக்கும் பெண்களோடு உட்கார்ந்து யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். கேசட் கம்மி என்பதே தெரியாமல் பொழுது ஓடிவிடும். "அந்தப் பேசற பொம்பள செட்டு" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு செட்தான் என்பதால் ஒரே பாதையில் இருக்கும் ஊர்களாகப் பார்த்து ஒப்புக்கொள்வோம். காலையில் ஒரு விசேஷம், மாலையில் பக்கத்து ஊரில் ஒன்று. சைக்கிள் கேரியரில் பேட்டரி, என் தலையில் ஆம்ப்ளிஃபயர், அவர் தோளில் குழாய்.

ஒரு கல்யாணத்தில் குழாய் காற்றில் திரும்பிக்கொண்டது. மைக் போட்டிருப்பதை மறந்து, "அண்ணே, அந்தக் கொழாவக் கொஞ்சம் தெருப் பக்கம் திருப்புங்க" என்று கத்திவிட்டேன். ஊர் முழுக்கக் கேட்டது. வீட்டுப் பெரியவர் வந்து என் எதிரில் நின்றார்.

"யாரும்மா ஒனக்கு அண்ணன்?"

நான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மரத்தின் மேல் இருந்தவரும் கேட்காததைப் போலக் குழாயைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "மைக்க ஆஃப் பண்ணிட்டுக் கூப்புடுங்கம்மா." அன்றிலிருந்து மைக்கை அணைத்துவிட்டு நான் அண்ணே என்றே கூப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஜனம் கிளம்பியது. சுவரெல்லாம் எழுத்து, ஊருக்கு ஊர் கூட்டம். அந்தக் கோரிக்கையில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. படித்துவிட்டுக் கட்டிலில் கிடந்த கொழுந்தனைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சாலை மறியல் என்று முடிவானதும் ஐந்தாறு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஊர் ஊரா ஜீப்புல போய்ச் சொல்லணும்மா. உன் கொரலு எல்லாருக்கும் பழக்கம். நீயே வந்து பேசு."

"வரேங்க. அண்ணனுக்கும் சொல்லிடறேன்" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது நம்ம ஜனத்து வேலை. அந்த ஆளு வேணாம்."

"பேட்டரி அவருதுங்க. கொழா கட்டறதும் அவருதான்."

"பேட்டரி ஜீப்புல இருக்குது. கொழாவ நாங்க கட்டிக்கிறோம்."

"அப்ப நான் வரலீங்க."

கொழுந்தன் என்மேல் பாய்ந்தார். "அண்ணி, இது எனக்காகத்தான் நடக்குது. எனக்கு மாரி இருக்கிற எத்தினியோ பேருக்காக. ஒரு ஆளுக்காக வரமாட்டேன்னு சொல்றீங்களே, இன்னா நியாயம்?"

என் கணவர் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தபடியே, "எடுத்துக்கினு போடா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு குழாய் பழுதுக்காகப் பிரித்துக் கிடந்தது. அதைத் தவிர எல்லாம் ஜீப்பில் ஏறிப்போனது.

மறுநாள் களையெடுத்துக்கொண்டிருந்தபோது சாலைப் பக்கமிருந்து செட் சத்தம் வந்தது. எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கரகரப்பு உண்டு. எங்கே கேட்டாலும் தெரிந்துவிடும். பேசியது யாரோ ஓர் ஆண். அடுத்து திருக்கோவிலூர் சாலையில் புளியமரங்கள் வெட்டுப்பட்டுக் குறுக்கே விழுந்தன. பஸ் நின்றது. போலீஸ் வந்தது. கொழுந்தனுக்கு மண்டையில் அடி, பிடித்துக்கொண்டு போனார்கள். செட்டையும் எடுத்துப் போனார்கள்.

செட் போலீஸ் கைக்குப் போவதற்கு முன்பே, மறியல் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் ஏரிக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. முதலில் கரும்புச் சோகை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். காலனியில் குடிசைகள் எரிந்தன. வெளியூர்க் கும்பல் என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

நான் போனேன். போகக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டுப் போனேன். அண்ணன் வீட்டில் மண்சுவர் மட்டும் நின்றது. அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பேட்டரி.

"பானை சட்டி, துணிமணி எல்லாத்தையும் உட்டுட்டு இத்தத்தான் தூக்கினு ஓடியாந்தாரு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அண்ணன் எங்க?"

"உங்க ரேடியோ சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பின்னாலதான் கூட்டம் வந்துது."

"நான் பேசலக்கா. நான் போகவே இல்ல."

"கொழா உங்களுது தானே?"

நான் அங்கேயே நின்றேன். எரிந்த கூரையிலிருந்து சாம்பல் விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேறு பெண்கள் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். யாரும் கைவைக்கவில்லை, திட்டவும் இல்லை. திரும்பி நடந்தேன்.

செட் கேஸில் சேர்ந்துவிட்டது, இப்போதைக்குக் கிடைக்காது என்று சொன்னார்கள். அந்தக் கோடையில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எதை எடுத்துக்கொண்டு போவது?

மாதங்கள் கழித்து அண்ணன் வந்தார். வாசலுக்கு இன்னும் தள்ளி, தெருவோரம் நின்றார். இளைத்திருந்தார்.

"வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு ஊருல திருவிழா. போன வருசமே வரேன்னு வாக்கு குடுத்துட்டேன். அவங்க ஆள் அனுப்பிக் கேட்டாங்க. இன்னா சொல்றது?"

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். என் கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "எத்தினி நாள் இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைப் பிரித்தார். கெட்டுப்போன டேப் ஒன்றிலிருந்து மைக்கும் சில பாகங்களும், மேல் மூடிக்கு ஒரு பிஸ்கட் டின். ஈயம் பற்றுவைக்கிற கம்பியின் புகையில் வீடே நாறியது. விழுந்த பிறகு அவர் இவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. செய்து முடித்ததும் பழுது பார்த்த குழாயை மாட்டிப் பேசச் சொன்னார். என் குரல் பக்கத்துத் தெரு வரைக்கும்கூடப் போகவில்லை.

"இவ்ளோதான்மே வரும்" என்றார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் பின்னால் பேட்டரியோடு நின்றார். யாரோ எவரோ போலத்தான் வந்தோம். அப்படிச் செய்வோம் என்று பேசிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அது தானாகவே தெரிந்தது. வெள்ளிமலையில் இறங்கி, பஸ் கிளம்பிப்போன பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேசினோம்.

அந்த ஊரில் வீடுகள் ஒரே இடத்தில் இல்லை. சரிவில் நாலு, ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு என்று சிதறிக் கிடந்தன. எங்கள் பிஸ்கட் டின் ஆம்ப்ளிஃபயர் கோயில் வாசலைத் தாண்டவில்லை. ஊர்க்காரர்கள் முகம் சுருங்கியது. அண்ணன் மரத்துக்கு மரம் ஏறி மாற்றிக் கட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சாமைக் கஞ்சி கொடுத்தார்கள். குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து, மாட்டை ஓட்டிவரச் சொல்லி அந்தப் பக்கத்து மலையில் இருந்தவரைக் கூப்பிட்டாள். சாதாரணக் குரல்தான். அங்கிருந்து பதில் வந்தது. பேசி முடித்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து அதே பாறைமேல் ஏறி நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, கொழாவ மரத்துல கட்டாதீங்க. அந்தப் பாறை மேல வையுங்க" என்றேன்.

பாறையின் பின்புறம் குகை போலக் குழிந்திருந்தது. அதற்கு முன்னால் வைத்து நான் பேசினேன். "சாமி பொறப்படப் போவுது, எல்லாரும் வாங்க." பள்ளத்தாக்கு அதை வாங்கி அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சரிவுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது. மைக்கை அணைக்க மறந்து அண்ணே என்று கத்தினேன். அங்கே அது யாருக்கும் ஒரு விஷயமாகப் படவில்லை.

அதிலிருந்து மலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. கரண்ட் இல்லாத ஊர்களுக்குக் கள்ளக்குறிச்சிக்காரர்களின் பெரிய செட் ஏறாது. ஜெனரேட்டரை யார் சுமப்பது? எங்களுடையதைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயும் நடந்துவிடலாம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில், "எங்க நின்னு கூப்புடுவீங்க?" என்று கேட்போம். புளி, கடுக்காய் வாங்க வரும் வியாபாரிகளும் சந்தையில் விலை சொல்ல எங்களை வைத்துக்கொண்டார்கள். என் கணவர் அடுத்தடுத்து இன்னும் நல்லதாகச் செய்து கொடுத்தார். பிறகு பழுது பார்க்கும் வேலையும் வீடு தேடி வர ஆரம்பித்தது.

கொழுந்தன் ஜாமீனில் வந்தார். சில வருடங்களில் இடஒதுக்கீடு வந்தது. அவருக்கு அரசாங்க வேலையும் கிடைத்தது. முதல் முறையாக இஸ்திரி போட்ட சட்டையில் அவர் வேலைக்குக் கிளம்பிய காலையில் நான் அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் அழும்போது எனக்கு அந்த மண்சுவரும் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் வெள்ளிமலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அண்ணன் சொன்னார்: "யம்மா, நான் இங்கியே வந்துடலாம்னு இருக்கேன். தனியா செட்டு வாங்கிட்டேன்."

"நான் இன்னா தப்புப் பண்ணேன்ணே?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா." செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்தபடியே நின்றார். "எங்க வூட்டுக்காரி, நான் உங்களோட கெளம்பறப்பல்லாம் பேச்சே இல்லாம இருக்குது. அது ஒரு வார்த்த திட்டினாலும் தேவல. நானும் எத்தினி வருசம் பார்க்கறது?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? மலையில் பாதி ஊர்கள் அவருக்கு, பாதி எனக்கு என்று பஸ் வருவதற்குள் பிரித்துக்கொண்டோம். சண்டை இல்லை. நல்ல ஊர்களை எனக்கே தள்ளிவிடப் பார்த்தார், நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கு இறங்கும் பஸ்ஸில் அவர் ஏறவில்லை. நான் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தேன். வீட்டில் நான் செட்டை இறக்கும் சத்தம் கேட்டு என் கணவர், "அவன் பேட்டரிய சார்ஜுக்குப் போட்டானா?" என்று கேட்டார். நாளைக்கு திருக்கோவிலூர் போய்ப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த பற்றுக்கம்பியைக் கீழே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.