மூடிமேல் வைத்த கை

பழனியப்பனின் தொழுவத்தில் நின்றிருந்தேன். போன் அடித்தபோது என் இடது கை, தோள்வரை உறை மாட்டியபடி, பசுவுக்குள் இருந்தது. பழனியப்பனே என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் காதில் வைத்தார். மறுமுனையில் சுமதியின் கணவர் மூர்த்தி. "டாக்டருங்களே, சுமதி போயிட்டாளுங்க. நெஞ்சு வலிக்குதுன்னா. கரூர் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." சினை ஊசியைப் போட்டு முடித்த பிறகுதான் கையை வெளியே எடுத்தேன். பாதியில் விட்டிருந்தால் என்னை முதலில் திட்டியிருக்கக் கூடியவர் சுமதிதான்.

பரமத்தி வேலூரில் இன்வெர்ட்டரும் மோட்டார் ஸ்டார்ட்டரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சுமதியை ஊரில் பலருக்குத் தெரியும். அந்தக் கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் என்ன செய்தார் என்பது இதைப் படிக்கும் உங்களையும் என்னையும் போன்ற சிலருக்குத்தான் தெரியும். சீட்டுக்கட்டு அளவே இருக்கும் ஒற்றைப் பலகைக் கணினியை எடுத்து, அதைச் செய்தவர்கள் வைத்த வேகத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று பார்ப்பார். உலகம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உண்டு. எல்லோரும் ஒரே கணக்கைக் கொடுத்து ஓட்டுவார்கள். யாருடைய பலகை சீக்கிரம் முடிக்கிறதோ அவர் பெயர் இணையத்தில் மேலே நிற்கும். கணக்கு முழுதாக முடிய வேண்டும். கடைசி நொடியில் திரை உறைந்தாலும் ஓட்டியது ஓட்டியதாகாது.

அவர் என்னைத் தேடி வந்தது மாட்டுக்காக அல்ல. "டாக்டரே, உங்க கேன்ல இருக்கற நைட்ரஜன் கொஞ்சம் கெடைக்குங்களா?" என்று கேட்டபடி வாசலில் நின்றார். நான் டாக்டர் இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடப் பயிற்சி பெற்றவன். ஊர்க்காரர்கள் கொடுத்த பட்டம் அது. காளை விந்து அடைத்த குச்சிகள் கெடாமலிருக்க, என் கேனில் எப்போதும் திரவ நைட்ரஜன் இருக்கும். கைபட்டால் தோலை உரித்துவிடும் குளிர்ச்சி அது. எதற்கு என்று கேட்டேன். "சில்லு சூடாகுதுங்க, அதான்" என்றார். கணினிச் சில்லுக்கு ஒரு மின்விசிறி போதாதா, மாட்டுக்கு வைத்திருப்பதையா கேட்பது என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும், புது நைட்ரஜன் வண்டி வரும் நாளில் பழைய கேனின் அடியில் மிஞ்சியதை ஒரு டீ ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்து, அவர் கடைக்குப் போனேன். இறுக மூடினால் வெடித்துவிடும்.

அன்று பார்த்ததை இன்றும் வாய் பிளந்தபடிதான் நினைக்கிறேன். பலகையில் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பகுதியைப் பிய்த்தெறிந்துவிட்டு, முடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்து, வெளியிலிருந்து அதிக மின்னழுத்தம் கொடுத்திருந்தார். பனி படிந்து ஈரம் இறங்காதிருக்கப் பலகை முழுவதும் சிவப்பு நகப்பூச்சு. தன் நகத்தில் ஒருநாளும் பூசாதவர்! "கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ணீட்டீங்க போலிருக்கே அம்மணி" என்றேன். "மாப்பிள்ளை நீங்கதான கொண்டாந்திருக்கீங்க" என்று ஃபிளாஸ்க்கைக் காட்டினார். சில்லின்மேல் ஒரு செப்புக் கிண்ணம். நாமக்கல்லில் லாரி பட்டறை லேத்தில் கடைந்து வாங்கியது. அதில் நைட்ரஜனைக் கரண்டி கரண்டியாக விட்டார். வெள்ளைப் புகை மேசையிலிருந்து வழிந்து தரையில் ஓடியது. குளிர் குறைந்தாலும் சில்லு நின்றுவிடும், கூடினாலும் நின்றுவிடும். கிண்ணத்தில் எழும் கொதிப்புச் சத்தத்தைக் கேட்டே அடுத்த கரண்டி எப்போது என்று முடிவு செய்தார். வெளியே சித்திரை வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்க, உள்ளே இந்தப் பெண்மணி ஒரு சில்லை உறையவைத்துப் பறக்கவிட்டார். எனக்குப் புல்லரித்தது. அன்றிலிருந்து நானும் அந்தப் பைத்தியத்தில் சேர்ந்துவிட்டேன்.

ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த பலகைகளும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. பலவற்றை வாங்கி ஓட்டிப் பார்த்து, நல்ல ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அப்படித் தேறிய ஒன்றை ஆயுத பூஜையன்று மேசையில் வைத்திருந்தார். மூர்த்தி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிப் பழகியவர். கருவி என்றால் பக்தி. பற்றவைக்கும் கோல், மீட்டர், கடைக் கதவு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டவர், நகப்பூச்சு இன்னும் பூசாத அந்தப் பலகையின் நடு நெற்றியிலும் குழைத்த சந்தனத்தை அப்பிவிட்டார். பூஜை முடிந்ததும் சுவிட்சைப் போட்டதும் அவரேதான். பட்டென்று ஒரு சத்தம். மூர்த்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுமதி கருகிய பலகையை முகர்ந்து பார்த்தார். "சாமிக்குப் புடிச்சுப்போச்சுங்க, எடுத்துக்கிச்சு. உடுங்க, சுண்டலைக் கொண்டாங்க" என்றார். அதற்குப் பின் கணவரை ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. நானாக இருந்தால் வருடா வருடம் சொல்லிக்காட்டியிருப்பேன்.

அதைவிட நல்ல பலகை அடுத்த கோடையில் வாய்த்தது. பட்டியலில் சுமதிக்கு மேலே முதலாவதாக நின்றவரின் நேரத்தை அது முந்தும் என்று ஒத்திகையிலேயே தெரிந்தது. அந்த ஞாயிறு உங்களில் சிலரும் இருந்தீர்கள். நைட்ரஜன் வண்டி தாமதமாகிக்கொண்டே போனதால் ஃபிளாஸ்கில் பாதிதான் கொண்டுவந்திருந்தேன். குச்சிகள் இருந்த கேனும் வாசலில் என் வண்டியில்தான் இருந்தது. வெயிலில் விட மனமில்லாமல் உள்ளே எடுத்துவந்து சுவரோரம் வைத்தேன். ஓட்டம் தொடங்கியது. திரையில் எண்கள் ஓடின. முக்கால்வாசி தாண்டியபோது ஃபிளாஸ்க் காலி. அதே நேரம் பழனியப்பனின் போன். "டாக்டருங்க, மாடு காளைக்குக் கத்துதுங்க. வெரசா வாங்க." அவருடைய பசு முன்பு இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இந்த முறையும் தவறினால் சந்தைக்கு ஓட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நான் போனை வைத்துவிட்டுக் கேனைத்தான் பார்த்தேன். அதில் குச்சிகளை மூழ்கவைக்கும் அளவுக்குத்தான் நைட்ரஜன் இருந்தது. ஆனால் திரையில் அந்த எண்கள்! "ரெண்டு கரண்டி எடுத்துக்கறேன் அம்மணி, ஒண்ணும் ஆகாது" என்று மூடியைத் தூக்கப் போனேன். சுமதி சட்டென்று எழுந்து வந்து மூடிமேல் கையை வைத்து அழுத்தினார்.

"ஊர்ல பாதி மாட்டோட வயிறு இதுக்குள்ள இருக்குதுங்க டாக்டரே. என்னுது வெறும் எண்ணு. நீங்க கெளம்புங்க."

"இன்னும் கொஞ்சந்தானுங்க அம்மணி பாக்கி!"

"அவரு மாடு கத்துதுன்னாருல்ல? போங்க சாமி."

எங்களுக்குப் பின்னால் கிண்ணத்தின் கொதிப்பு அடங்கியது. திரை உறைந்தது. சுமதி திரும்பிப் பார்த்து, "என்னமா ஓடுச்சு, பாத்தீங்களா!" என்றார். அவர் குரலில் வருத்தத்தைத் தேடினேன், இல்லை. நான் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வாரம் ஃபிளாஸ்க் நிறையக் கொண்டுபோனேன். பலகை அந்த வேகத்தை எட்டவில்லை. அதற்கடுத்த முறையும் எட்டவில்லை. அவ்வளவு அழுத்தம் வாங்கிய சில்லு கொஞ்சம் தேய்ந்துவிடுமாம்; அந்த உயரத்தை ஒரு தடவைதான் தொடுமாம். "அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாம இருக்குமுங்களா?" என்று சிரித்துவிட்டு, ஒரு ஸ்டார்ட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாகவே நின்றுவிட்டது.

பழனியப்பனின் பசு சினை நின்று கிடாரிக் கன்று போட்டது. சுமதி போய்ப் பார்த்து, அதன் நெற்றியைத் தடவி, "ரெக்கார்டு" என்று பெயர் வைத்துவிட்டு வந்தார். பழனியப்பன் வீட்டில் என்ன அர்த்தம் என்று தெரியாமலே அப்படிக் கூப்பிட்டார்கள். என்னை எங்கே பார்த்தாலும் சுமதியின் முதல் கேள்வி, "நம்ம ரெக்கார்டு எப்படியிருக்குதுங்க?" என்பதுதான். அது வளர்ந்து, கன்று போட்டு, இப்போது கறவையில் இருக்கிறது. சுமதி இறந்த செய்தி வந்தபோது என் கை இருந்தது அந்த ரெக்கார்டுக்குள்தான்.

மூன்றாம் நாள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனோம். பழனியப்பன் ஒரு சொம்பில் பால் கொண்டுவந்து மூர்த்தியிடம் நீட்டினார். "காலைல கறந்ததுங்க, ரெக்கார்டு பாலு" என்றார். மூர்த்தி அதை வாங்கிச் சாம்பலின்மேல் விட்டார். ஈரம் பட்ட இடத்திலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் புகை எழுந்து தரையோடு போனது.

செப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி மூர்த்தி என்னை வற்புறுத்தினார். உங்களில் ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு அது போகட்டும். எனக்கு அவர் கொடுத்தது வேறு. ஒவ்வொரு காலையும் கேனை மூடும்போது, அவர் வைத்ததுபோலவே மூடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறேன். பிறகு எந்த மாடு கத்துகிறதோ அங்கே கிளம்புகிறேன்.