கறுப்பி மறுபடியும் லயத்துக்குப் போய்விட்டது

இன்று சாயங்காலமும் எங்கள் ஆடு கறுப்பியைக் காணவில்லை. எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த காலமெல்லாம் எங்கள் ஆடுகள் கயிற்றில்தான் நின்றன. தேயிலைக்குள் புகுந்தால் காவல்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

"நமக்குன்னு ஒரு காணி வந்துட்டா ஆட்டுக்குக் கயிறே கட்டக் கூடாதுங்க" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பிரஜாவுரிமை கிடைத்து, வட்டவளைக்குக் கீழே துண்டுக் காணியும் வாங்கிவிட்டேன். அவள்தான் இல்லை. போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

அவள் சொன்னபடியே எந்த ஆட்டையும் நான் கட்டுவதில்லை. மற்றவை காணிக்குள்ளேயே மேய்கின்றன. கறுப்பி மட்டும், பெண்கள் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் நேரம் பார்த்துப் பழைய லயத்துக்கு நடந்துவிடுகிறது. என் மனைவி புல்லுக்கட்டோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது.

இன்றும் லயத்தில் எங்கள் பழைய ஒற்றையறைக் காம்பரா வாசலில்தான் நின்றது. இப்போது அங்கே குடியிருக்கும் பார்வதி புல் போட்டிருந்தாள். அது தொடவில்லை.

"தினமும் உனக்குத் தொந்தரவும்மா. கயிறு வாங்கிக் கட்டிப் போட்டுடுறேன்" என்றேன்.

"ஆடு தினமும் வர்றதில்லண்ணே. நேத்து வரவேயில்ல" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "நேத்து நீங்க மட்டுந்தான் வந்து நின்னுட்டுப் போனீங்க."

ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கயிறு ஒன்று வாங்கத்தான் வேண்டும்.

யாருக்கு என்பதை நீங்களே சொல்லுங்கள்.