பிரெஞ்சு தெரியாத பிரெஞ்சுக்காரன்

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்தப் புண்ணியத்தில் நானும் பிரெஞ்சுப் பிரஜை. பிறந்தது, படித்தது, ரெண்டு தடவை பெயிலானது எல்லாம் புதுச்சேரியில்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்துச் சொல். அதை வைத்துக்கொண்டு வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற பெண்களிடம்கூட "பொன்ழூர்" என்று வணக்கம் வைத்து அலட்டுவேன். "மீன் வேணுமா வேணாமா, அதச் சொல்லு" என்பார்கள்.

மாடியில், ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு புழங்குகிற டோகோ நாட்டுப் பெண் ஒருத்தி குடியிருந்தாள்; அவளிடமும் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று அளந்து வைத்திருந்தேன். கிராமத்திலிருந்து இங்கே நர்சிங் படிக்க வந்தவள்; மூன்று வருடத்தில் தமிழை நன்றாகவே பிடித்துக்கொண்டாள். அவள் பிரெஞ்சில் ஆரம்பித்தால் "உய், உய்" என்று தலையாட்டிவிட்டு நான் தமிழுக்குத் தாவிவிடுவேன்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் போனும் கையுமாக ஓடிவந்தாள். ஊரில் அவள் அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் ஒரு வயலுக்காகக் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்களாம். பழைய பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது. ஆண்கள் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது.

"நான் படிச்சா நம்ப மாட்டாங்க அங்கிள். வெளியாளு படிக்கணுமாம். நீங்க பிரெஞ்சுக்காரர்னு சொல்லிட்டேன்."

வீடியோவில் இரண்டு குடும்பமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரத்தைக் காட்டினார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. எதையாவது உளறிவைத்தால் அங்கே தலை உருளும். பின்னாலிருந்து என் மனைவி, "படிங்க தொரை, ஏன் முழிக்கிறீங்க?" என்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன்.

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. அதை அவள் தன் ஊர்மொழியில் சொன்னதும் அங்கே கூச்சல் கிளம்பியது.

அப்போது எதிராளியின் மனைவி முன்னால் வந்து பத்திரத்தை வாங்கினாள். என் வயதுதான் இருக்கும். அவளும் மாடிப் பெண்ணின் அம்மாவும் ஊரில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிற சாயங்கால வகுப்பில் ஒரே பெஞ்சாம். அதுவரை அவளை யாரும் கேட்கவேயில்லை. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். மாடிப் பெண் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓடை வரைக்கும் நிலம் மாடிப் பெண்ணின் அப்பாவுக்குத்தான். தன் வீட்டுக்கு எதிராக இருந்ததையும் அந்தம்மா ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்தாள். புருஷன் கத்தினான். முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தாள். அவன் கத்தியைக் கீழே போட்டான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. அந்தம்மா என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டாள். மாடிப் பெண் சொல்லத் தயங்கினாள்.

"என்னவாம்?"

"உங்க ஊர்ல பெரியவங்களுக்கு வகுப்பே இல்லையான்னு கேக்கறாங்க அங்கிள். உங்களப் பாத்தா பாவமா இருக்காம்."