தானாக மாறும் தண்ணீர்

எங்கள் வீட்டில் மீன்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் செத்தன. சனிக்கிழமை மந்தமாகிவிடும், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், ஞாயிறு காலையில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். முதல் தடவை தலையெழுத்து என்று விட்டேன். இரண்டாம் தடவை, மீன் கடைக்காரன் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டான் என்று மதுரைவரை கேட்கிற மாதிரி திட்டினேன். மூன்றாம் தடவைதான், அதெப்படி இந்த மீன்களுக்குக் கிழமை தெரிகிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. போடியில் குடியிருந்தோம். குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் என் கணவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. திங்கட்கிழமை ஜீப் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். கல்யாணமான சில வருஷங்களுக்குள் எனக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, குடம் தூக்கக்கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் அப்படியே படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு அதைக் காணச் சகிக்கவில்லை. ஒருநாள் மதுரைக்குப் போய்விட்டு, கண்ணாடித் தொட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் திரும்பி வந்தார். கையில் பாலித்தீன் பை, அதற்குள் மூன்று தங்கமீன்கள்.

"சொவத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தா கிறுக்குப் பிடிச்சிரும். இதப் பாரு," என்றார்.

பார்த்தேன். பார்க்கப் பார்க்க வேறொரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: என்னிடம் ஒப்படைத்த உயிர் ஒன்றாவது என் கையில் தங்குகிறதா என்று பார்க்கிற கிறுக்கு. அதனால்தான் ஒவ்வொரு மீன் செத்தபோதும் அப்படி உடைந்துபோனேன். இவர் மறுபடி மதுரைக்குப் போய் வேறு மீன் வாங்கிவருவார்.

கிழமைக் கணக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது, எல்லாம் வெள்ளிக்கிழமையில் போய் முடிந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கழுவுவோம். வாசல்படி, குத்துவிளக்கு, பூஜை சாமான், அடுப்பு மேடை எல்லாம் ஈரமாகிக் காய்ந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எழுந்து நடமாட ஆரம்பித்ததுமே டாக்டரம்மா சொன்னது காற்றில் போய்விட்டது; மீன் தொட்டியை மட்டும் விடுவேனா? மீன்களை ஒரு சட்டியில் போட்டுவிட்டு, தொட்டியை உப்பு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, கண்ணாடி பளபளக்கும்படி கழுவி, அன்று காலை குழாயில் பிடித்த புதுத் தண்ணீரை விளிம்புவரை ஊற்றுவேன். அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைக்கும். சுத்தத்தின் வாடை என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய தண்ணீரை ஜன்னல் வழியாகச் சந்தில் சாய்த்துவிடுவேன். சந்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் சுவர். ஏலக்காய்க் கம்பெனியில் காய் பொறுக்கப் போகிறவர், தனியாக இருந்தார், வாய் கொஞ்சம் நீளம். என் வாயும் குட்டையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் காயப்போட்டிருந்த விறகின்மேல் தண்ணீர் போய்விட்டது.

"இந்தா, ஊரே ஒரு கொடம் தண்ணிக்கு வரிசையில நிக்கிது. நீ மீனக் குளிப்பாட்டி வெளையாடுறியா?" என்றார்.

"எங்க வீட்டுத் தண்ணி, நாங்க ஊத்துறோம்."

"ஊத்து, ஊத்து. வாரத்துக்கு ஒண்ணச் சாகடிக்கிற. ஒங்கையில எதுதான் தங்குது?"

தெரிந்து சொன்னாரா, சண்டை வேகத்தில் வந்து விழுந்ததா, தெரியவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றோடு பேச்சு நின்றது. தெருக்குழாயில் எதிரெதிரே குடம் வைத்தாலும் அவர் ஒரு பக்கம் பார்ப்பார், நான் ஒரு பக்கம் பார்ப்பேன்.

உடம்பு முழுசாகத் தேறியதும் இரண்டு நாள் தோட்டத்துக்குப் போய்வரலாம் என்று இவர் கூட்டிப்போனார். அங்கே காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. மேலே ஓடையிலிருந்து ஓஸ் போட்டு விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் விரல் தடிமனுக்குத் தண்ணீர் விழும், மறுபக்கம் விளிம்பில் வெட்டியிருந்த வாய் வழியாக அதே அளவு வெளியே போகும். தொட்டியின் உட்புறம் முழுக்கப் பாசி. அதைக் கழுவியதாக யாருக்கும் ஞாபகமே இல்லை. அதற்குள் விரல் நீளத்துக்கு ஓடை மீன்கள், எப்போது வந்து விழுந்தனவோ, ஜாலியாகத் திரிந்துகொண்டிருந்தன. நான் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஒல வைக்க வந்தியா, தொட்டியக் காவக் காக்க வந்தியா?" என்றார் இவர்.

"இதுல தண்ணிய யாருங்க மாத்துறது?"

"யாரு மாத்துவா? அதுவா மாறிக்கிரும்."

அதுவா மாறிக்கிரும். இறங்கி வரும்போது ஜீப்பின் ஒவ்வொரு வளைவிலும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் வாரம் ஒருமுறை மீன்களின் ஊரையே பிடுங்கிப்போட்டு வேறு ஊர் வைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கொஞ்சம் போகிறது, கொஞ்சம் வருகிறது, மீனுக்கு மாறியதே தெரிவதில்லை. இதை என் வீட்டு ஜன்னலோரம் எப்படிக் கொண்டுவருவது?

கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிற வித்தை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் என் கையில் குளுக்கோஸ் ஏறியபோது வேறு வேலையில்லாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். டியூபில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதை நகர்த்தினால் சொட்டு கூடும், குறையும். கம்பவுண்டரிடம் போய்ப் புது டியூப் ஒன்று வேண்டும் என்றேன்.

"யாருக்குக்கா குளுக்கோசு?"

"மீனுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மாடியில் ஒரு தகர டிரம் வைத்தேன். அதில் தண்ணீரை நிரப்பி ஒருநாள் விட்டபோது பிளீச்சிங் வாடை தானாகவே காணாமல் போனதைக் கண்டுபிடித்தேன். யாராவது தங்கப்பதக்கம் கொடுத்திருந்தால் கூச்சமில்லாமல் வாங்கியிருப்பேன். டிரம்மிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி வந்து, குளுக்கோஸ் டியூபில் சேர்ந்து, தொட்டிக்குள் சொட்டியது. வரவு சரியாகிவிட்டது.

செலவுதான் என் உயிரை வாங்கியது. கண்ணாடியில் ஓட்டை போட முடியாது. ஜீப்பில் டீசல் உறிஞ்சி எடுப்பார்களே, அதுபோல ஒரு குழாயைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன். நன்றாக ஓடியது. நிறுத்தத்தான் தெரியவில்லை. குழாயின் உள்முனை எங்கே இருக்கிறதோ அதுவரை தண்ணீர் இறங்கி, காற்றை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நிறையும், ஆனால் குழாய் மறுபடி ஓடாது, தண்ணீர் வழிந்து தரையெல்லாம் குளமாகும். வழித்து வழித்து இடுப்பு விட்டுப்போனது. சனிக்கிழமை வந்த இவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நீச்சல் அடிச்சு வரணுமா?" என்று கேட்டார். கையிலிருந்த ஈரத்துணியை அவர் மேலேயே எறிந்தேன்.

வழி கிடைத்தது ஓர் எவர்சில்வர் டம்ளரால். குழாயின் வெளிமுனை தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருந்தால் காற்று ஏறாதல்லவா? டம்ளரில் தண்ணீர் நிரப்பி, குழாயின் நுனியை அதற்குள் விட்டு, டம்ளர் விளிம்பு தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்கு வரும்படி ஜன்னல் திண்டில் செங்கல் அடுக்கி வெளியே வைத்தேன். உள்ளே ஒரு சொட்டு கூடினால், வெளியே டம்ளர் ஒரு சொட்டு வழிந்தது. உள்ளே சொட்டு நின்றால், வெளியேயும் நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வேண்டுமென்றே தொட்டியில் ஒரு கை தண்ணீர் ஊற்றினேன்; சரியாக ஒரு கை தண்ணீர் வெளியே வழிந்துவிட்டு நின்றது. யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இருந்தது பேச்சில்லாத அக்கா மட்டும்தான்.

அதற்கப்புறம் மீன் சாகவில்லை. கண்ணாடியில் பாசி படர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் கை பரபரக்கும், அடக்கிக்கொள்வேன். சந்தில் சொட்டிய தண்ணீருக்கு அந்த அக்கா சத்தம் போடாமல் ஒரு காரியம் செய்தார். டம்ளர் வழிகிற இடத்துக்கு நேர்கீழே மண்ணைக் கொத்திவிட்டுச் சிறுகீரை விதைத்தார். கீரை தளதளவென்று வந்தது. ஒரு பிடி கூட எனக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

காய் எடுப்பு மும்முரமான சமயத்தில், சமையலுக்கு ஆள் வராமல் போனதால் நானும் மலைக்குப் போகவேண்டி வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வாரம். இதற்குத்தானே இவ்வளவும் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். டிரம்மை நிரப்பி, சொட்டைக் குறைத்து வைத்து, தீனிக்குக் கண்ணாடியில் பாசி இருக்கிறது என்று தேற்றிக்கொண்டு, காற்றுக்கு ஜன்னலைத் திறந்தே விட்டு, வீட்டைப் பூட்டினேன். மலையில் போன அன்றே தைரியம் போய்விட்டது. உலை கொதிக்கும்போது தொட்டி நினைவு, படுத்தால் தொட்டி நினைவு. "ஒங்கையில எதுதான் தங்குது?" என்ற குரல் புகைக்கூண்டிலிருந்துகூடக் கேட்டது. கீழே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று இவரிடம் கேட்டேன். மழையில் பாதை சரிந்து ஜீப் ஓடவில்லை.

திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டிக்கு ஓடினேன். மூன்றும் உயிரோடு இருந்தன. கொழுகொழுவென்று இருந்தன. சந்தோஷப்படத் தொடங்குவதற்குள் மற்றது கண்ணில் பட்டது. சொட்டு விழவில்லை. வெளியே செங்கல்மேல் டம்ளர் இல்லை. குழாயின் வெளிமுனை மேலே தூக்கி, ஒரு பழைய சேலைக் கிழிசலால் ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வெயில் பட்டு டிரம்மில் பச்சைப் பாசி பிடித்து, குழாயின் வாயை அடைத்திருந்தது. என் வித்தை இரண்டு முனையிலும் படுத்துவிட்டிருந்தது. பிறகெப்படி மீன்கள்?

சந்தில் அந்த அக்கா கீரை பறித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வந்து நின்றேன்.  அவர்தான் தலையைத் தூக்காமல் ஆரம்பித்தார்.

"டம்ளரப் பூன தட்டி விட்டுருச்சு. கொடகொடன்னு தண்ணி கொட்டுது, என்னடான்னு எட்டிப் பாத்தா உள்ள மீனுக அடியில கெடந்து துடிக்கிதுக. குழாயத் தூக்கிக் கட்டுனேன்."

"தண்ணி?"

"கம்பிக்குள்ள செம்பு நொழையல. ஒன் டம்ளராலதான் ஊத்துனேன். காலையில தொட்டியில நாலு டம்ளரு மோந்து கீரைக்கு விடுவேன், நாலு டம்ளரு தொட்டிக்கு ஊத்துவேன். ரெண்டு பருக்கச் சோறு போடுவேன். ஒனக்காக ஒண்ணும் செய்யல. கீர வாடிருமில்ல?"

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? "எந்தத் தண்ணிக்கா ஊத்துனீக?" என்று கேட்டேன்.

"கொடத்துல முந்துன நாள் மிச்சம் கெடக்குமே, அந்தப் பழைய தண்ணிதான். புதுத் தண்ணிய மீனுக்கு ஊத்த நான் என்ன ஜமீனா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காலையில் குழாய் வந்ததும் தெரு முழுக்க எல்லா வீட்டிலும் பழைய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் குடத்தைத் தேய்க்கிறோம். டிரம் வைத்து, குழாய் இழுத்து, நான் பாடுபட்டுத் தயாரித்த அதே வாடையில்லாத தண்ணீரைக் குடத்திலிருந்து நானே தினமும் வாசலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தார். கம்பிக்குள் கையை விட்டார். மூன்று மீன்களும் விரலை நோக்கி மேலே வந்தன. என்னிடம் அவை அப்படி வந்ததில்லை. பொறாமை சுருக்கென்று தைத்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிப் பாத்துக்க. மூணும் இருக்கு. ஒங்கையில தங்கலன்னு இனி ஒருத்தி சொல்லட்டும், நான் கேக்குறேன்," என்றார்.

அதைச் சொன்ன ஒரே ஒருத்தி யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.  மாடி டிரம்மைக் கழுவி மறுபடி மாட்டட்டுமா என்று கேட்டேன்.

"மாட்டிக்க. காலையில நானும் ஊத்துறேன்," என்றார்.