நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள்

இளங்கோ போய்விட்டான்.

நேற்று காலை. காஹாங்கில் அவன் வேலை செய்த தமிழ்ப்பள்ளியில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே. மாரடைப்பு. வயது முப்பத்திரண்டு. எனக்கும் அதே வயதுதான்...

பேட்ச் நண்பர்கள் பலர் தனித்தனியாக மெசேஜ் அனுப்பி என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நானும் இளங்கோவும் ஜொகூர் பாருவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாக டிகிரி படித்தவர்கள். தமிழ்க்கல்வி, கூடவே நாடகம். அவனுக்குக் கோலாலம்பூர் போய் நடிப்பு மட்டும் படிக்கத்தான் ஆசை. அவன் அப்பா விடவில்லை. "கவர்மென்ட் வேலைக்குப் படி, அப்புறம் கிளாஸ்ல போய் எவ்ளோ வேணும்னாலும் ஆடிக்கோ" என்றாராம்.

இவன் அதை அப்படியே செய்தான்.

மூன்றாம் செமஸ்டர் நாடகத்தில் அவன் ராஜா. மேக்கப் பசையைக் கொண்டுவர மறந்துவிட்டு, கல்லூரிக் கடையில் சூப்பர் குளூ வாங்கி மீசையை ஒட்டிக்கொண்டான், மடையன்.

ஒரு பக்கம்தான் பிய்ந்து வந்தது. மறுநாள் காலை கல்வி உளவியல் வகுப்பில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தான். மலாய் விரிவுரையாளர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்டார். "எம்.சி. சார், மெடிக்கல் லீவு" என்றான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

இப்போது அந்த விஷயம். எழுதவே பயமாக இருக்கிறது.

மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. ஒருவர் ஆசிரியராக நிற்க, கூடப் படிப்பவர்களே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். அதற்காக நானும் அவனும் சேர்ந்து 'சிலை' என்று ஒரு பயிற்சி தயாரித்தோம். ஆசிரியர் "சிலை" என்றதும் எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். அவர் கை தட்டினால்தான் அசையலாம்.

இளங்கோ ஆசிரியரானால், நாங்கள் சிலையாக நிற்கும்போது சும்மா இருக்கமாட்டான். கண்ணை உருட்டுவான், மயங்கி விழுவான். எங்களால் சிரிக்காமல் இரண்டு நொடிகூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அதனால் அசைன்மெண்டை டைப் செய்யும்போது நான் ஒரு வரி சேர்த்தேன். 'ஆசிரியர் கீழே விழுந்தாலும் யாரும் அசையக்கூடாது.'

"அலமாக்... என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே லா" என்றான். 'ஏ' கிடைத்தது. கேண்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

எட்டு வருடமாக அவன் காஹாங்கில், நான் உலு திராம் பள்ளியில்... இரண்டு பேரும் அந்த விதியை வைத்துத்தான் நாடகம் நடத்திக்கொண்டிருந்தோம்.

நேற்றும் அவன் "சிலை" என்று சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். அவன் விழுந்திருக்கிறான்.

பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரிடம் யாரோ கேட்டார்களாம். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கடைசியில் ஒரு பெண்பிள்ளைதான் அசைந்தாள். ஓடிப்போய் ஆபீஸில் சொன்னாள்.

இன்று காலை என் வகுப்புக்குள் போனேன். புதன்கிழமை முதல் பாடம் நாடகம். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் தாங்களாகவே சிலையாகிவிட்டார்கள், என்னைச் சந்தோஷப்படுத்த.

"அசையுங்க! எல்லாரும் அசையுங்க! நான் விழுந்தா நிக்கக்கூடாது, ஓடிப்போய் யாரையாச்சும் கூப்பிடணும், தெரியுதா?" என்று கத்திவிட்டேன்.

மிரண்டுபோனார்கள். முன்வரிசையில் ஒருத்தன் மெதுவாக, "டீச்சர், நீங்க விழப் போறீங்களா?" என்றான்.

டாய்லெட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதியம் இளங்கோவின் தலைமையாசிரியை கூப்பிட்டார். நாளை காலை பத்து மணிக்குக் காஹாங்கில் அவன் வீட்டில் இறுதிச் சடங்கு. அவன் வகுப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

"டீச்சர், நீங்க பிள்ளைங்ககிட்ட கொஞ்சம் பேசணும். நீங்க சாரோட ஒன்னா படிச்சவங்க, உங்களுக்குத்தான் அந்த விளையாட்டு தெரியும். ஓடி வந்துச்சே, அந்தப் பிள்ளை நேத்துலேர்ந்து சரியா சாப்பிடலையாம். 'நான் அசைஞ்சிட்டேன், அதான் சார் எழுந்திருக்கல'ன்னே சொல்லிக்கிட்டு இருக்கு. மத்த பிள்ளைங்களும் ஆமா, உன்னாலதான்னு சொல்லுதுங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ ஓடியதுதான் சரி கண்ணு என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஆனால் மற்ற பிள்ளைகள் எல்லோரும் பக்கத்திலேயே நிற்பார்கள். 'அப்போ நாங்க நின்னது தப்பா டீச்சர்?' என்று ஒரு பிள்ளையாவது கேட்குமே... பத்து வயதுப் பிள்ளைகள். சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைகள்.

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். இப்படிப் பயந்ததே இல்லை.

விதியை எழுதியது சார் இல்லை, நான்தான் என்று முதலில் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

போய் வா டா இளங்கோ. நாளை உன் முகத்தை எப்படியாவது பார்த்துவிடுவேன். உன் பிள்ளைகள் முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பேனோ...